உடை, சொல், ஊதுபத்தி: சீனாவில் கிறிஸ்தவம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

16ஆம் நூற்றாண்டின் இறுதியில், கத்தோலிக்கத் துறவு சபையான சேசு சபையின் (ஜெசுயிட்) குருக்கள் சிலர் சீனாவுக்குள் நுழைந்தார்கள். அந்த நாட்டின் உடையையும் மொழியையும் மரியாதை முறைகளையும் ஏற்றுக்கொண்டே தங்கள் மறையைப் போதிக்க முயன்றார்கள். அந்த முயற்சி எப்படி நடந்தது, எங்கே முறிந்தது என்பது பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. 'எல்லாமே மத்தேயோ ரிச்சி என்ற ஒரு சேசு சபை மேதையின் திட்டம்' என்று பலர் எழுதுகிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. பாதி வேலையைச் செய்தவர்கள் சீனக் கிறிஸ்தவர்கள். கீழே அவர்கள் வரும் இடங்களைக் கவனித்துப் படியுங்கள்.

சீனாவுக்கு முதன்முதலில் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனவர் ரிச்சியா?

இல்லை. அவருக்கு ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பே, 635இல், அலோபென் என்ற சிரியக் கிறிஸ்தவத் துறவி தாங் பேரரசின் தலைநகரான சாங்ஆனுக்கு வந்துவிட்டார். அவருடைய சபையினரின் மறைக்கு 'ஜிங்ஜியாவ்', அதாவது ஒளிமிக்க நெறி, என்று பெயர். 781இல் அவர்கள் நட்ட கல்வெட்டு இன்றும் ஷியான் நகரில் இருக்கிறது. அதன் உச்சியில் தாமரை மலரின் மேல் சிலுவை நிற்கும். கடவுளைக் குறிக்க சிரியச் சொல்லான 'அலோஹோ'வின் ஒலியைச் சீன எழுத்தில் பெயர்த்தார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட எழுத்துகளோ, பௌத்த நூல்களில் அருகரை (ஞானம் பெற்றவரை) குறிக்க ஏற்கெனவே புழங்கியவை. 845இல் பேரரசர் பௌத்த மடங்களை ஒடுக்கியபோது இவர்களும் சேர்ந்து அடிபட்டார்கள். அந்தக் கல்வெட்டு 1625 வாக்கில் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. 'நேற்று வந்த அந்நிய மதம்' என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல, ரிச்சிக்குப் பின்வந்த சேசு சபையினருக்கு அது பெரிய ஆதாரமானது.

சேசு சபையினர் ஏன் புத்த பிக்குகளைப் போல உடுத்தினார்கள்? பிறகு ஏன் மாற்றினார்கள்?

பிரான்சிஸ் சவேரியார் 1552 டிசம்பரில் குவாங்தோங் கரையருகே ஷாங்சுவான் தீவில் இறந்தார். சீனப் பெருநிலத்தில் அவர் கால் வைக்கவே முடியவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில், போர்த்துகீசியர் தங்கியிருந்த துறைமுகமான மக்காவுக்கு வந்த குருக்களும் அங்கேயே முடங்கினார்கள். 1578இல் மக்காவ் வந்த சபை மேற்பார்வையாளர் அலெஸ்ஸாந்த்ரோ வலிஞானோ, சீனம் கற்காமல் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்த வேலைக்கு மிக்கேலே ருக்ஜியேரியும், பிறகு ரிச்சியும் அழைக்கப்பட்டார்கள். 1583 செப்டம்பரில் இருவரும் ஜாவ்சிங் நகரில் குடியேறினார்கள்.

அங்கே தலையை மழித்து, பிக்கு அங்கி அணிந்தார்கள். மேற்கிலிருந்து வந்த, மணமுடிக்காத, மறை ஓதும் ஆண்களைச் சீனர்களுக்குப் புரியவைக்க அப்போது வேறு வழி தெரியவில்லை. 1584இல் அச்சான ஞானோபதேச ஏட்டில் ருக்ஜியேரி தம்மை 'இந்திய நாட்டுத் துறவி' என்றே குறித்துக்கொண்டார். ஊர் அதிகாரி வாங் பான் அவர்கள் வீட்டுக்கு இரண்டு பெயர்ப்பலகைகளை அன்பளித்தார். அவற்றுள் ஒன்று 'மேற்கிலிருந்து வந்த தூய நிலம்' என்றது. தூய நிலம் என்பது பௌத்தர்களின் சொர்க்கம். வாங் பான் மனதார வரவேற்றார், ஆனால் வேறொரு மதத்தை வரவேற்றார்.

சிக்கல் இதோடு நிற்கவில்லை. அன்றைய சீன அதிகாரிகள் பிக்குகளைப் படிப்பில்லாதவர்களாகவே நடத்தினார்கள். அதிகாரி வீட்டுக் கூடத்தில் பிக்குவுக்குச் சம ஆசனம் கிடையாது. ரிச்சியிடம் கணிதம் படிக்க வந்த ச்சூ தைசூ என்பவர்தான் இதை எடுத்துச் சொல்லி, கற்றோர் உடைக்கு மாறச் சொன்னார். வலிஞானோவின் அனுமதி கிடைத்தது. 1595இல் ரிச்சி தாடி வளர்த்து, கருஞ்சிவப்புப் பட்டு அங்கி அணிந்தார். கழுத்திலும் ஓரங்களிலும் வெளிர்நீலப் பட்டுக் கரை, அகலமான கைகள், தரைவரை தொங்கும் நாடாக்களோடு இடைக்கச்சை. அதனுடன் அறிஞர்களுக்குரிய உயரமான தொப்பி. கூடவே, பார்க்கப் போகும்போது முன்கூட்டியே சீட்டு அனுப்புவது, பல்லக்கில் போவது, ஆள் உடன் வருவது, பரிசு மாற்றிக்கொள்வது எல்லாம் வந்தன. அங்கியை மட்டும் மாற்றிவிட்டு இவற்றைச் செய்யாமல் இருந்திருந்தால் பட்டுக்கு மதிப்பு இருந்திருக்காது.

மொழியை எப்படிக் கற்றார்கள்?

ஆரம்பத்தில் ஓவியத்தைக் காட்டி எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்தான் கிடைத்தார். ருக்ஜியேரியும் ரிச்சியும் 1580களில் போர்த்துகீசிய–சீன அகராதி ஒன்றைத் தொகுத்தார்கள். அதில் தொனிக் குறிகள் இல்லை. ஒரே அசை தொனி மாறினால் பொருள் மாறும் மொழியில் இது பெரிய குறை. இசையறிவு உள்ள லாசரோ கத்தானேயோ ஐந்து தொனிகளையும் காதால் பிரித்து, அவற்றுக்குக் குறியிட்டபின்தான் வழி தெளிந்தது. 1626இல் நிக்கோலா திரிகோ ஒலிப்பு அகராதியை வெளியிட்டார்.

எழுத்து வழி இன்னும் முக்கியமானது. சீனாவில் மாகாணத்துக்கு மாகாணம் பேச்சு மாறும், எழுத்து மாறாது. குரு போக முடியாத ஊருக்கும் புத்தகம் போகும். அச்சிட உரிமமும் தேவையில்லை. பலகையில் செதுக்கி வீட்டிலேயே அச்சிடலாம், தீர்ந்துபோனால் அதே பலகையில் மறுபடி அச்சிடலாம். ரிச்சி 1595இல் எழுதிய நட்பைப் பற்றிய சிறு நூல், அவரது மறைநூல்களைவிட அதிகக் கதவுகளைத் திறந்தது.

கடவுளுக்கு எந்தச் சீனச் சொல்? இதில் ஏன் இவ்வளவு சண்டை?

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, லத்தீன் ஒலியை அப்படியே சீன எழுத்தில் பெயர்ப்பது. ஆன்மாவைக் குறிக்கும் 'ஆனிமா' என்ற லத்தீன் சொல் 'யானிமா' ஆனது, அருளைக் குறிக்கும் 'கிராத்சியா' 'எலாஜியா' ஆனது. தவறான பொருள் ஒட்டாது என்பது இதன் நன்மை. எந்தப் பொருளுமே ஒட்டாது என்பதுதான் இதன் தீமை. கேட்பவருக்கு வெறும் ஓசை. திருப்பலியை (கத்தோலிக்கப் பூசையை) குறிக்கும் 'மிசா' மட்டும் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

இரண்டாவது வழி, ஏற்கெனவே உள்ள சொல்லை எடுப்பது. ரிச்சி பழைய சீனச் செவ்விலக்கியங்களைப் படித்து, அவற்றில் வரும் 'ஷாங்தி' (மேலான அரசர்), 'தியென்' (வானம்) ஆகியவை ஒரே கடவுளைத்தான் குறிக்கின்றன என்று வாதாடினார். 1603இல் அச்சான அவரது முதன்மை நூலின் அடிப்படை வாதமே இதுதான். அவருக்குப் பிறகு பொறுப்பேற்ற நிக்கோலோ லோங்கோபார்தோ இதை ஏற்கவில்லை. தம் காலத்துச் சீன அறிஞர்கள் அந்தச் சொற்களை வானத்தின் ஒழுங்கு என்ற அளவில்தான் புரிந்துகொள்கிறார்கள், ஆளாக உள்ள படைப்பாளனாக அல்ல என்றார். நூல் சொல்வதை வைத்துப் பார்ப்பதா, அதைப் படிக்கும் ஆள் சொல்வதை வைத்துப் பார்ப்பதா என்ற இந்தக் கேள்விக்கு இருபக்கமும் நியாயம் இருக்கிறது. ஆக, சண்டை வெளியாருடன் தொடங்கவில்லை. சேசு சபைக்குள்ளேயே தொடங்கியது.

நிலைத்த சொல் மூன்றாவது ஒன்று: 'தியென்சூ', வானத்தின் ஆண்டவர். அது எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். ஜாவ்சிங்கிலிருந்து ஒருமுறை வெளியேற நேர்ந்தபோது, குருக்கள் தங்கள் பீடத்தை ஓர் இளைஞரிடம் விட்டுச் சென்றார்கள். திரும்பிவந்து பார்த்தால், அவர் பீடத்தை ஓர் அறையில் வைத்து, மேலே சுவரில் 'தியென்', 'சூ' என்ற இரண்டு பெரிய எழுத்துகளை எழுதி வைத்திருந்தார். எதிரே தூபம் புகைந்துகொண்டிருந்தது. பௌத்தத்திலும் பழைய சடங்குகளிலும் அந்தச் சொல் ஏற்கெனவே இருந்ததுதான். ஆனாலும் அதுவே ஒட்டிக்கொண்டது. இன்றும் சீன மொழியில் கத்தோலிக்கத்துக்குப் பெயர் 'தியென்சூ ஜியாவ்'.

கடிகாரம், வரைபடம், கணிதம் எல்லாம் ஆளைப் பிடிக்கும் தூண்டில்தானே?

தூண்டிலாகவும் இருந்தது, உண்மையான அறிவுப் பரிமாற்றமாகவும் இருந்தது. 1601 ஜனவரியில் ரிச்சி பெய்ஜிங் வந்தபோது வான்லி பேரரசருக்குக் கொடுத்த பரிசுகளில் தாமாக மணியடிக்கும் கடிகாரங்கள் இருந்தன. அவற்றுக்குச் சாவி கொடுக்கக் கற்றுக்கொள்ள அரண்மனை ஊழியர் நால்வர் அமர்த்தப்பட்டார்கள். கடிகாரத்துக்கு அடிக்கடி பழுது பார்க்க வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். குருக்கள் தலைநகரிலேயே தங்க இது நடைமுறைக் காரணமாயிற்று. பின்னாளில் ஷாங்காய் கடிகாரத் தொழிலாளர்கள் ரிச்சியைத் தங்கள் தொழிலின் காவல் தெய்வமாகவே கும்பிட்டார்கள். அவர் விரும்பியிருக்கக்கூடிய கும்பிடு அல்ல அது.

1602 உலக வரைபடம் ஆறு பகுதிகளாக அச்சானது. உயரம் சுமார் ஒன்றரை மீட்டர், அகலம் மூன்றரை மீட்டருக்கு மேல். ஐரோப்பிய வரைபடங்களில் சீனா வலது ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். ரிச்சி பசிபிக் பெருங்கடலை நடுப்பக்கமாகக் கொண்டுவந்து, சீனாவை மையத்தருகே நிறுத்தினார். பூமி உருண்டை என்பதால் எங்கே வெட்டி விரித்தாலும் பொய்யில்லை. அறிவியலை விட்டுக்கொடுக்காமல் பார்ப்பவரின் மனத்தையும் புண்படுத்தாத இந்த ஒரு மாற்றம்தான் அவர் முறைக்கு எங்களுக்குப் பிடித்த எடுத்துக்காட்டு.

யூக்ளிடின் வடிவியலில் முதல் ஆறு பாகங்கள் 1607இல் சீனத்தில் வந்தன. ரிச்சி வாய்மொழியாக விளக்க, ஷூ குவாங்ச்சி எழுதினார், திருத்தினார், மறுபடி திருத்தினார். வடிவியலுக்குச் சீனர்கள் இன்றும் சொல்லும் 'ஜிஹே' என்ற சொல் அந்த நூலின் தலைப்பிலிருந்து வந்ததே. ஷூ ஷாங்காய்க்காரர். 1603இல் நான்ஜிங்கில் பவுல் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றவர். பிறகு பேரரசின் மிக உயர்ந்த அமைச்சர்களில் ஒருவரானவர். அவரையும் லீ ஜிசாவ், யாங் திங்யுன் ஆகியோரையும் சீனத் திருச்சபையின் மூன்று தூண்கள் என்பார்கள்.

சிலுவையை மறைத்தார்கள் என்பது உண்மையா?

இந்தக் குற்றச்சாட்டு அந்தக் காலத்திலேயே எழுந்தது. பாதி உண்மை. முதல் சந்திப்பிலேயே பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவத்தை) காட்டுவதைத் தவிர்த்தார்கள். காரணம் இருந்தது. 1600இல் பெய்ஜிங் போகும் வழியில் மா தாங் என்ற அரண்மனை அதிகாரி ரிச்சியின் மூட்டைகளைச் சோதித்தபோது, ஆணியடித்து இரத்தம் வழியும் மர உருவம் ஒன்று கிடைத்தது. பேரரசரைக் கொல்ல ஏவல் செய்யக் கொண்டுபோகிறான் என்று அவர் கத்தினார். மந்திரப் பொம்மையில் ஆணி அடிப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும், மீட்பு என்றால் என்ன என்று தெரியாது. ரிச்சி அன்று சிறைக்கோ சாவுக்கோ மிக அருகில் இருந்தார்.

மாதா படத்திலும் வேறு மாதிரிக் குழப்பம். ஜாவ்சிங்கில் பீடத்தின் மேல் மாதா படம் இருந்ததால், இவர்கள் கடவுள் ஒரு பெண் என்று ஊரில் பேச்சானது. அதை எடுத்துவிட்டு மீட்பர் படத்தை வைத்தார்கள்.

ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களுக்குச் சிலுவைப்பாடு சொல்லப்படவே செய்தது. தென்கிழக்கு மாகாணமான ஃபூஜியனில் பணியாற்றிய ஜியுலியோ அலேனி, 1637இல் இயேசுவின் வாழ்க்கையை மரச்செதுக்குப் படங்களோடு அச்சிட்டார். சிலுவை அறைதல் அதில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது.

ஏழு நாள் வாரமே இல்லாத நாட்டில் ஞாயிற்றுக்கிழமையை எப்படி அறிந்தார்கள்?

இதைப் பெரும்பாலான நூல்கள் சொல்வதே இல்லை. சீனப் பஞ்சாங்கம் சந்திர மாதங்களைக் கொண்டது, கிழமை கிடையாது. ஆனால் நாள்களுக்கு 28 நட்சத்திர மனைகளின் பெயரைச் சுழற்சியாக இடும் வழக்கம் இருந்தது. 28ஐ ஏழால் வகுத்தால் மீதியில்லை. அதனால் ஃபாங், ஷூ, மாவ், ஷிங் என்ற நான்கு மனைகளின் நாள்கள் எப்போதும் ஞாயிற்றுக்கிழமையாகவே வரும். (மாவ் நம் கார்த்திகைக் கூட்டம்தான்.) இந்த நான்கு எழுத்துகளையும் மனப்பாடம் செய்த விவசாயி, குரு இல்லாத ஊரிலும் சாதாரணப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே ஞாயிறு எதுவென்று சொல்லிவிடலாம். நாள் மாறும் திருநாள்களுக்காக ஆண்டுதோறும் ஒற்றைத்தாள் அட்டவணை அச்சிட்டு, சீன மாதத் தேதியோடு விநியோகித்தார்கள்.

அன்று முழுநாளும் வேலையை நிறுத்தச் சொன்னால் கூலிக்காரர் பட்டினி கிடக்க வேண்டும், அலுவலருக்கு வேலை போகும். அதனால் ஐரோப்பிய ஓய்வுச் சட்டங்களை அப்படியே திணிக்கவில்லை.

திருப்பலியில் என்ன மாறியது?

தலை. ஐரோப்பாவில் தொப்பியைக் கழற்றுவது மரியாதை. சீனாவில் பெரியவர் முன் வெறுந்தலையோடு நிற்பது அவமரியாதை, தண்டனை பெற்ற குற்றவாளியின் கோலம். 1615 ஜூன் 27 அன்று பாப்பரசர் ஐந்தாம் பவுல், தலையை மூடியே திருப்பலி நிறைவேற்றலாம் என்று அனுமதித்தார். இதற்கென்றே 'ஜிஜின்' என்ற சதுரத் தொப்பி உருவானது. பின்னால் இரண்டு நாடாக்கள் தொங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சீனக் குருக்கள் அதை அணிந்தார்கள்.

அதே ஆணை சீன மொழியில் திருப்பலி நிறைவேற்றவும் அனுமதித்தது. ஆனால் பூசைப் புத்தகம் மொழிபெயர்த்து முடிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. லுதோவிகோ புலியோவின் மொழிபெயர்ப்பு 1670இல்தான் அச்சானது. அதற்குள் ரோமின் மனநிலை மாறிவிட்டது. கிடைத்த அனுமதி பயன்படாமலே போனது. இந்த வரலாற்றில் எங்களை மிகவும் வருத்துவது இதுதான். 1615இல் கொடுக்கப்பட்டதைச் சீனக் கத்தோலிக்கர் நடைமுறையில் பெற கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) பிறகான காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பூசை லத்தீனிலேயே தொடர்ந்ததன் பாரத்தைச் சுமந்தவர்கள் சீனக் குருமாணவர்கள். புகழ்பெற்ற ஓவியர் வூ லீ, ஐம்பது வயதை நெருங்கும்போது மக்காவில் லத்தீன் கற்கத் தொடங்கினார். தான் எழுதுவது ஈயின் தலைபோலச் சிற்றெழுத்து, ஐரோப்பியர் எழுதுவது பறவைக் கால்போல இருக்கிறது, குறுக்கே பார்த்தாலும் நெடுக்கே பார்த்தாலும் பிடிபடவில்லை என்று கவிதையில் குறித்திருக்கிறார். 1688இல், 56 வயதில், அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தவர் முதல் சீன ஆயரான லுவோ வென்சாவ்.

பெண்களுக்கு என்ன ஏற்பாடு?

வீட்டுக்கு வெளியே உள்ள ஆண் ஒருவர் பெண்ணைத் தொடுவதே அங்கே பெரும் இழிவு. ஞானஸ்நானச் சடங்கிலோ எண்ணெய் பூசுதல், நாவில் உப்பு வைத்தல், உமிழ்நீர் தொடுதல் எல்லாம் உண்டு. சேசு சபையினர் பெண்களுக்கு இவற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும்போது நடுவே பாய் அல்லது திரை தொங்கும். பேச்சு காதில் விழாத, ஆனால் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மூன்றாம் ஆள் ஒருவர் நிற்பார். ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில் கூடினால் ஊர் அவதூறு பேசும் என்பதால், பெண்களுக்கென்று மாதா பெயரில் தனிக் கோயில்கள் எழுந்தன. பல இடங்களில் வீட்டுக்கூடமே கோயிலாயிற்று.

குரு உள்ளே வர முடியாத இடத்தில் மறையைக் கற்பித்தவர்கள் பெண்களே. ஷூ குவாங்ச்சியின் பேத்தி கந்திதா ஷூ, விதவையான பின் கைவேலை வருமானத்தையும் குடும்பச் செல்வத்தையும் கோயில்கள் கட்டவும் புத்தகம் அச்சிடவும் செலவிட்டார்.

எதில் விட்டுக்கொடுக்கவே இல்லை?

ஒன்றுக்கு மேற்பட்ட மனைவி. லீ ஜிசாவும் யாங் திங்யுனும் அறிவளவில் எப்போதோ ஏற்றுக்கொண்டும், துணைமனைவி இருந்ததால் காத்திருக்க நேர்ந்தது. லீ 1610இலும், யாங் 1611இலும்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள். விலக்கப்பட்ட பெண்ணுக்கு என்ன ஆனது என்ற கேள்வியை அந்தக் கால ஆவணங்கள் போதிய அளவு கேட்கவில்லை.

பௌத்தத்தோடும் சமரசம் இல்லை. மறுபிறவி நம்பிக்கையால் புலால் மறுத்தவர்கள் அந்த விரதத்தை முறித்தால்தான் ஞானஸ்நானம். 'கன்ஃபூசிய நெறியை நிறைவாக்குவோம், பௌத்தத்தின் இடத்தை எடுத்துக்கொள்வோம்' என்பதுதான் அவர்கள் கோட்பாடு. இது பெரிய இழப்பு என்பதே எங்கள் எண்ணம். சாதாரணச் சீனர்களின் செபமும் கண்ணீரும் புழங்கிய மொழி பௌத்தத்திடம்தான் இருந்தது.

முன்னோர் வணக்கத்தில் சரியாக எதை அனுமதித்தார்கள், எதைத் தடுத்தார்கள்?

முதலில் சடங்கைப் பார்க்க வேண்டும். இறந்தவருக்கு மரப்பலகை ஒன்று செய்வார்கள். கீழே பீடம், நடுவே பெயர். கடைசியில் 'சூ' (தலைவர்) என்ற எழுத்து வரும். அதன் உச்சிப் புள்ளியை மட்டும் எழுதாமல் விட்டுவைப்பார்கள். புள்ளி இல்லாவிட்டால் அது 'வாங்' என்ற வேறு எழுத்து. மதிப்புள்ள ஒருவர் வந்து சிவப்பு மையால் அந்தப் புள்ளியை வைக்கும் கணத்தில் பலகை ஆவியின் இருக்கையாகிறது. அதன்பின் குறித்த நாள்களில் அதன்முன் ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, உணவு, மது வைத்துத் தலை தரையில் படும்படி வணங்குவார்கள். காகிதப் பணம் எரிப்பதும் உண்டு.

சேசு சபையினர் இதை நூல் நூலாகப் பிரித்தார்கள். வணங்குவது சரி, உயிரோடிருந்த பெற்றோருக்கும் அப்படித்தான் வணங்கினார்கள். ஊதுபத்தி சரி, அது மரியாதை. உணவு வைப்பது நன்றியின் அடையாளம் என்றால் சரி, இறந்தவர் வந்து உண்கிறார் என்றால் தவறு. அவர்களிடம் வரம் கேட்கக் கூடாது. காகிதப் பணம் எரிக்கக் கூடாது. 'ஆவியின் இருக்கை' என்ற எழுத்துகள் பலகையில் வரக் கூடாது, பெயர் மட்டும் போதும். கன்ஃபூசியஸுக்கான வணக்கத்திலும் இப்படித்தான். தேர்வில் தேறியவர் ஆசானுக்குச் செய்யும் மரியாதையை ஏற்றார்கள்.

எங்கே பிசகும்? கிராமத்தில் ஒரு குலத்தின் நூறு பேர் சேர்ந்து செய்யும் சடங்கில், ஒரு கிறிஸ்தவர் மட்டும் மனத்துக்குள் வேறு பொருள் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் மனத்தில் உள்ளது மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் தெரியாது.

இந்த அனுமதியை எதிர்த்த மற்றத் துறவு சபையினரான தொமினிக்கன், பிரான்சிஸ்கன் குருக்கள் வெறும் பொறாமைக்காரர்களா?

இல்லை. அப்படி எழுதுவது அநீதி. 1630களில் ஃபூஜியனுக்கு வந்த பிரான்சிஸ்கன் குரு அந்தோனியோ கபாயெரோ, தமக்குச் சீனம் கற்பித்தவரிடம், முன்னோர் சடங்கைக் குறிக்கும் 'ஜி' என்ற எழுத்தின் பொருளைக் கேட்டார். உங்கள் திருப்பலி போன்றதுதான் என்று பதில் வந்தது. திடுக்கிட்ட கபாயெரோவும், தொமினிக்கன் குரு ஹுவான் பாவ்திஸ்தா தே மோராலெஸும் ஊர்ச் சடங்கை நேரில் பார்த்தார்கள், சாட்சியங்களை எழுதிக்கொண்டார்கள். சேசு சபையினர் நூலறிஞர்களிடம் கேட்டார்கள், இவர்கள் கிராமத்தில் பார்த்தார்கள். இரு தரப்பும் தாங்கள் கண்டதை உண்மையாகவே சொன்னார்கள். இரண்டையும் ஒருசேர அறிந்திருந்த சீனக் கிறிஸ்தவர்கள் எழுதிய கருத்துகளை ரோமில் தீர்ப்பெழுதியவர்கள் பெரிதாக மதிக்கவில்லை.

ரோமின் தீர்ப்புகள் எந்த வரிசையில் வந்தன?

மோராலெஸ் 17 கேள்விகளோடு ரோமுக்குப் போனார். 1645இல் தடை வந்தது. சேசு சபையின் மார்த்தினோ மார்த்தினி போய் வேறு விதமாக விவரித்தார். 1656இல் அனுமதி வந்தது. எது செல்லும் என்று கேட்டபோது, விவரித்தபடி நிலைமை இருந்தால் இரண்டும் செல்லும் என்று 1669இல் பதில் வந்தது. களத்தில் இருந்த குருவுக்கு இது எந்த உதவியும் செய்யவில்லை.

1692இல் காங்ஷி பேரரசர், சீனர்கள் கிறிஸ்தவக் கோயில்களில் வழிபடலாம் என்று ஆணையிட்டார். மறுஆண்டே ஃபூஜியனில் திருச்சபைப் பொறுப்பிலிருந்த சார்ல் மெய்க்ரோ சடங்குகளைத் தம் பகுதியில் தடைசெய்தார். பேரரசர் கொடுத்த 'வானத்தை வணங்கு' என்ற பலகையின் நகல்களையும் கோயில்களிலிருந்து இறக்கச் சொன்னார். 1704இல் பாப்பரசர் பதினொன்றாம் கிளமெந்து தடையை உறுதிப்படுத்தினார். தடையைக் கடைப்பிடிப்பதாக மிஷனரிகள் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும் என்ற ஆணை 1715இல் வந்தது. 1721இல் பாப்பரசரின் தூதர் மெத்ஸபார்பா, திருத்திய பலகை, ஊதுபத்தி போன்ற எட்டுச் சலுகைகளை மக்காவிலிருந்து அறிவித்தார். 1742இல் பதினான்காம் பெனெதிக்து அவற்றையும் நீக்கி விவாதத்தையே முடித்துவைத்தார்.

காங்ஷி ஏன் மனம் மாறினார்?

1700இல் சேசு சபையினர் அவரிடமே கேட்டார்கள். இந்தச் சடங்குகள் குடிமை மரியாதையே என்று அவர் எழுத்தில் உறுதிசெய்தார். அதை ரோம் ஒதுக்கியது. 1706இல் மெய்க்ரோவை ரெஹே கோடை மாளிகைக்கு வரவழைத்து, அரியணைக்கு மேலிருந்த நான்கு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மெய்க்ரோவுக்கு ஒன்றுதான் தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் சீனாவில் இருந்தவர் அவர். நம் எழுத்தே தெரியாதவர் நம் நெறியைப் பற்றித் தீர்ப்பு சொல்வதா என்று பேரரசர் கொதித்தார். அந்த ஆண்டே, ரிச்சியின் முறையைப் பின்பற்றுவதாக ஒப்புக்கொள்ளும் மிஷனரிகளுக்கு மட்டும் 'பியாவ்' என்ற தங்கும் சீட்டு என்று விதித்தார். 1721இல் பாப்பரசரின் ஆணையை மொழிபெயர்ப்பில் படித்தபின், இனிப் போதிக்க வேண்டாம் என்று எழுதினார். 1724இல் அவர் மகன் யோங்செங் மறையையே தடைசெய்தார்.

நம் ஊர் ராபர்ட் தே நொபிலிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ரிச்சி சீனா போகுமுன் கோவாவிலும் கொச்சியிலும் இருந்தவர், 1580இல் கொச்சியில்தான் குருப்பட்டம் பெற்றார். சேசு சபைக் குருவான நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து சந்நியாசி உடை ஏற்றார். சீனாவில் துறவி உடையிலிருந்து அறிஞர் உடைக்கு, மதுரையில் பறங்கி அங்கியிலிருந்து துறவி உடைக்கு. மதிப்பு எங்கே இருந்ததோ அங்கே போனார்கள்.

இன்னும் நேரடியான கண்ணி ஒன்று உண்டு. பாப்பரசரின் தூதர் ஷார்ல் தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். 1704 ஜூன் 23 அன்று அங்கிருந்தே தென்னிந்தியக் கிறிஸ்தவர்களுக்கு மிஷனரிகள் அனுமதித்த உள்ளூர்ப் பழக்கங்களை, அதாவது 'மலபார் சடங்குகளை'த் தடுக்கும் ஆணையை வெளியிட்டார். ஞானஸ்நானத்தில் உமிழ்நீரை விட்டுவிடுவது இங்கேயும் குற்றப்பட்டியலில் இருந்தது. பிறகு அதே தூர்னோன்தான் கப்பலேறி 1705 டிசம்பரில் பெய்ஜிங் போனார். காங்ஷியோடு முறிந்து, 1710இல் மக்காவில் காவலில் இறந்தார்.

ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. சீனாவில் தழுவல் என்பது கற்றோர் வகுப்பின் மரியாதைகளை ஏற்பது. மதுரையில் அது சாதி ஒதுக்கத்தையும் சேர்த்து ஏற்பதானது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் புகழ எங்களால் முடியாது.

புராட்டஸ்டன்ட் மிஷனரிகள்?

ராபர்ட் மாரிசன் 1807இல் குவாங்ஜோ வந்தார். கடவுளுக்கு 'ஷாங்தி'யா, 'ஷென்'னா (தெய்வம்) என்று 1840களில் அவர்களும் பிரிந்தார்கள். 1919இல் வெளிவந்த கூட்டு மொழிபெயர்ப்பு வேதாகமம் இரு பதிப்புகளாகவே அச்சானது. ஹட்சன் டெய்லர் 1855இல் முன்தலையை மழித்து, பின்னல் சடை வைத்து, சீன உடைக்கு மாறினார். ஷாங்காயில் இருந்த வெள்ளையர்கள் கேலி செய்தார்கள். ஆனால் இது வேறு காலம். அபினிப் போருக்குப் பின் மிஷனரிக்கு ஒப்பந்தமும் பீரங்கிக் கப்பலும் பின்னணியில் நின்றன. ரிச்சி அனுமதி கேட்டு வாசலில் நின்றவர். பின்வந்தவர்கள் எந்த உடை உடுத்தினாலும் அந்த நிலை திரும்பவில்லை.

தடை இன்றும் இருக்கிறதா?

கத்தோலிக்கருக்கு இல்லை. 1935இல், வடகிழக்குச் சீனாவில் ஜப்பான் அமைத்த மஞ்சுகுவோவிலும் 1936இல் ஜப்பானிலும் இத்தகைய சடங்குகள் குடிமை சார்ந்தவை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டன. 1939 டிசம்பர் 8 அன்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) காலத்தில் சீனாவுக்கான ஆணை வந்தது. கன்ஃபூசியஸ் படத்தின் முன் வணங்கலாம், பெயர் மட்டும் எழுதிய பலகையின் முன் தலைதாழ்த்தலாம், சத்தியப்பிரமாணமும் தேவையில்லை. 1971 சீனப் புத்தாண்டில் தைப்பேயில் கர்தினால் யூ பின் முன்னோர் வணக்கத்தைத் தாமே முன்னின்று நடத்தினார். தைவானில் இன்று பல பங்குக் கோயில்களில் புத்தாண்டுத் திருப்பலி முடிந்ததும் இது நடக்கிறது. முன்னோர் பலகைக்கு ஊதுபத்தியும் மலரும் பழமும் மதுவும் படைத்து, எல்லாரும் மும்முறை தலைதாழ்த்துகிறார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலானவை ஊதுபத்தியை இன்னும் ஏற்பதில்லை. மலர் வைத்து, செபம் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள்.